அவர் நம்மைப் பார்க்கவில்லை

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெயரை எடுத்தாலே பேச்சு நேராக, அவர் பாதிக்கப்பட்ட வன்புணர்வு வழக்கு நடந்த 1612-ஆம் ஆண்டு ரோம் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. அந்த வழக்கை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதைப் பேசுவதற்கு முன், அவர் தன்னையே ஓவியக்கலையின் உருவகமாக வரைந்துகொண்ட படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள் என்கிறேன். 1638-39 வாக்கில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். இப்போது பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கிறது.

கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைகிறவர்கள் பெரும்பாலும் நம் கண்ணுக்கு நேரே பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. உடம்பைச் சாய்த்து, வலது கையை மேலே நீட்டி, தூரிகை போகிற இடத்திலேயே கண்ணை வைத்திருக்கிறார். பச்சைப் பட்டு உடைக்கு மேல் பழுப்பு ஏப்ரன். முடியை ஒதுக்கிவிடக்கூட நேரமில்லை. இந்தக் கோணம் ஒரே கண்ணாடியில் கிடைக்காது. இரண்டை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வேலை செய்கிற பெண்ணை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மரியாதையோடு காட்டிய பரோக் (அந்த நூற்றாண்டின் ஐரோப்பியக் கலைப்பாணி) ஓவியம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

ஓவியக்கலையைப் பெண்ணாக உருவகிப்பது அந்தக் காலத்து வழக்கம். கலைந்த கருங்கூந்தல், நிறம் மாறி மின்னும் ஆடை, முகமூடி கோத்த தங்கச் சங்கிலி, வாயைக் கட்டிய துணி என்று இத்தாலிய எழுத்தாளர் செசாரே ரீப்பாவின் உருவகக் கையேடு அடையாளம் சொல்கிறது. ஓவியம் பேசாது என்பதற்காக அந்த வாய்க்கட்டு. ஆர்ட்டெமிசியா கூந்தலையும் ஆடையையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டார். வாய்க்கட்டை விட்டுவிட்டார். ‘ஓவியக்கலை நானே’ என்று ஓர் ஆண் ஓவியர் இந்தப் பெண்ணுருவத்தில் தன்னை வரைந்துகொள்ள முடியாது.

வாய்க்கட்டு இல்லாததைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அந்தக் கைதான் பெரிது. வன்புணர்வு வழக்கில் அவர் சொல்வது உண்மையா என்று சோதிக்க, விரல்களில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவனை அல்ல, பாதிக்கப்பட்ட பெண்ணை. அப்போது அவருக்கு வயது 18. படம் வரையும் கை என்று தெரிந்தே செய்தார்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து, லண்டனில் முதலாம் சார்லஸ் மன்னரின் அரசவைக்காக வேலை செய்த காலத்தில், அதே விரல்களில் தூரிகையைக் கொடுத்துப் படத்தின் உச்சிவரை தூக்கிக் காட்டியிருக்கிறார்.

அந்த முகம் ஆர்ட்டெமிசியாவின் முகமே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். மேசையில் ஏ.ஜி.எஃப். என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. முதல் இரண்டும் அவர் பெயர். மூன்றாவது, லத்தீனில் ‘செய்தார்’.