முதுகெலும்பு டிபி: பயாப்ஸி வேணாம்னு சண்டை போடாதீங்க

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பு டிபி வந்து கால் பலம் போனவங்க, ஸ்க்ரூ ராடு போட்டு ஆபரேஷன் ஆனவங்க, ஆபரேஷனே இல்லாம மாத்திரையில எந்திரிச்சவங்கன்னு நிறைய பேரை மறுபடி நடக்க வைக்கிறதுல என் பங்கும் உண்டு. நோயைக் கண்டுபிடிக்கிறதும் மருந்து எழுதறதும் டாக்டரோட வேலை. ஆனா "எம்ஆர்ஐல தான் டிபின்னு வந்துருச்சுல்ல, அப்புறம் எதுக்கு சார் பயாப்ஸின்னு ஊசி குத்தி சதை எடுக்கணும், மாத்திரையை குடுங்க"ன்னு சொந்தக்காரங்க சண்டை போடறதை திரும்பத் திரும்ப பாக்குறேன், அதோட பலனை ஆறு மாசம் கழிச்சு என் டேபிள்ல படுத்திருக்கிற ஆளு அனுபவிக்கிறாங்க, அதையும் பாக்குறேன். அதுக்காகத்தான் இந்த நீளப் பதிவு.

டிபின்னா இருமல், சளி, நுரையீரல்னு தான் நம்ம ஆளுங்க மனசுல பதிஞ்சிருக்கு. அந்தக் கிருமி ரத்தம் வழியா எலும்புக்கும் போகும். எலும்பு, மூட்டுல வர்ற டிபில கிட்டத்தட்ட பாதி முதுகெலும்புல தான் வருது, அதுலயும் நெஞ்சுப் பகுதியோட கீழ்பாகமும் இடுப்போட மேல்பாகமும் அதிகம். வலி மெதுவா ஆரம்பிக்கும், மாசக்கணக்கா இழுக்கும், படுத்தாலும் குறையாது, ராத்திரில எழுப்பி விடும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது, பசி இல்லாம போறது இதெல்லாம் வரலாம், ஆனா நிறைய பேருக்கு வர்றதே இல்ல. அதனால காய்ச்சல் இல்லையே, இருமல் இல்லையேன்னு இதை ஒதுக்கிட முடியாது. சாதா எக்ஸ்ரேயும் ஆரம்பத்துல ஏமாத்தும், எலும்புல மூணுல ஒரு பங்காவது கரைஞ்சா தான் படத்துலயே தெரியும். எம்ஆர்ஐ அதுக்கு ரொம்ப முன்னாடியே காட்டிரும். எடுக்கும்போது வலிக்கிற இடத்தை மட்டும் எடுக்காம முழு முதுகெலும்பையும் எடுக்கறது நல்லது, ஏன்னா சிலருக்கு ரெண்டு மூணு இடம் தள்ளி இன்னொரு எலும்புலயும் சத்தமில்லாம உக்காந்திருக்கும்.

இதுக்கு நடுவுல சுளுக்குன்னு நினைச்சு முதுகுல ஏறி மிதிக்கிறது, எண்ணெய் போட்டு நெட்டி முறிக்கிறது எல்லாம் நடக்குது. உள்ள எலும்பு அரிச்சுப் போயிருக்கும்போது இது எவ்வளவு ஆபத்துன்னு சொல்லவே வேணாம். எங்க தொழில்லயும் சிலர் படம் பாக்காம மானிப்புலேஷன் (கையால முதுகை அழுத்தி முறுக்கறது) பண்றாங்க, அது தப்பு, பட்டவர்த்தனமா சொல்றேன். ஆறு வாரத்துக்கு மேல விடாத வலி, ராத்திரி வலி, முதுகுல தட்டினா ஒரே இடத்துல சுருக்குன்னு வலிக்கிறது, கால் மரத்துப்போறது இப்படி இருந்தா முதல்ல படம், அப்புறம் தான் கை வைக்கணும்.

சரி, எம்ஆர்ஐ வந்தாச்சு, டிபியா இருக்கலாம்னு ரிப்போர்ட் எழுதியிருக்காங்க. அது சந்தேகம் தான், முடிவு இல்ல. சாதாரண பாக்டீரியாவால வர்ற சீழ், ஆடு மாடு வளர்க்கிறவங்களுக்கும் காய்ச்சாத பால் குடிக்கிறவங்களுக்கும் வர்ற புருசெல்லாங்கற கிருமி, வேற இடத்துல இருந்து எலும்புக்கு பரவின கேன்சர், மைலோமா, லிம்போமான்னு வர்ற ரத்தம், நெறிகட்டி சம்பந்தமான கேன்சர் இதெல்லாம் படத்துல டிபி மாதிரியே வேஷம் போடும். கேன்சர் இருக்கிறவருக்கு டிபி மாத்திரை குடுத்துட்டு மூணு மாசம் காத்திருந்தா அந்த மூணு மாசத்தை யாரு திருப்பிக் குடுப்பா? நம்ம நாட்டுல டிபி அதிகம், அதனால "டிபியா தான் இருக்கும்"னு யூகிச்சா பாதிக்கு மேல சரியா தான் வரும், அந்த தைரியத்துல தான் யூகிக்கிறாங்க. யூகம் தப்பிப் போன ஆளுக்கு அது என்ன ஆறுதல்?

பயாப்ஸின்னா மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னா பெரிய ஆபரேஷன், நரம்புல பட்டு கால் விழுந்துரும், குத்தினா நோய் உடம்பு பூரா பரவிரும். நான் பாத்த அளவுல நடக்கறது இவ்வளவு தான்: குப்புற படுக்க வைப்பாங்க, மரத்துப்போற ஊசி போடுவாங்க, சிடி ஸ்கேன்ல பாத்துட்டே ஊசியை கரெக்டா அந்த எலும்புக்கோ சீழுக்கோ கொண்டு போவாங்க, பெரும்பாலும் அன்னைக்கே இல்ல மறுநாள் வீட்டுக்கு வந்துரலாம். அனுபவமுள்ளவங்க கையில பெரிய சிக்கல் வர்றது ரொம்ப அபூர்வம். கால் விழறது நோயால தான் நடக்குது, சீழும் உடைஞ்ச எலும்பும் தண்டுவடத்தை நெருக்கறதால. பயந்து தள்ளிப்போடற நாள்ல அந்த நெருக்கம் கூடிட்டே போகும்.

எடுத்த சதையை என்ன பண்றாங்கங்கறது முக்கியம், இதை பேஷண்ட் வீட்டுல தெரிஞ்சு வச்சுக்கணும். ஒரு பங்கு ஃபார்மலின்ல (சதை கெடாம வைக்கிற திரவம்) போட்டு, மைக்ரோஸ்கோப்ல பாக்கற பேத்தாலஜிக்கு போகணும், இன்னொரு பங்கு வெறும் சலைன்ல போட்டு, கிருமியை வளர்த்துப் பாக்கற கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் போகணும். மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டா கிருமி செத்துரும், அப்புறம் கல்ச்சர்ல ஒண்ணுமே வளராது. தியேட்டர் அவசரத்துல இது நடக்குது, அதனால "சலைன்லயும் தனியா அனுப்புவீங்களா டாக்டர்"னு முன்னாடியே மரியாதையா கேட்டுருங்க. ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின் ரெண்டு மணி நேரத்துல டிபி கிருமி இருக்கா, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா அடங்காதான்னு சொல்லிரும். அரசு ஆஸ்பத்திரில சிபிநாட்னு சொல்றதும் இதே டெஸ்ட் தான், அங்க இலவசம். முதுகெலும்பு டிபில கிருமி எண்ணிக்கை கம்மி, அதனால நெகட்டிவ்னு வந்தாலும் டிபி இல்லன்னு ஆகிடாது, பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் ஆறு வாரம் வரைக்கும் ஓடற கல்ச்சரையும் சேர்த்துத்தான் பாக்கணும். இன்னொண்ணு, சதை எடுக்கறதுக்கு முன்னாடி லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் எடுத்திருந்தா அது டிபி கிருமியையும் பாதி அமுக்கி வச்சிரும், டெஸ்ட்ல சிக்காம போகலாம். சாப்பிட்ட மாத்திரை எல்லாத்தோட சீட்டையும் கொண்டு போங்க.

என்கிட்ட வந்த ஒரு அக்கா, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. ரொம்ப நாள் வலி மாத்திரை, பெல்ட், கடைசில எம்ஆர்ஐ. பயாப்ஸி வேணவே வேணாம்னு வீட்டுல ஒரே முடிவு, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. சில மாசத்துல தொடை இடுக்குல வீக்கம். முதுகெலும்புல சேர்ற சீழ் சோவாஸ்ங்கற தசை (முதுகெலும்புல இருந்து தொடைக்கு இறங்கறது) வழியா, வாய்க்கால்ல தண்ணி இறங்கற மாதிரி, இடுப்பைத் தாண்டி தொடைக்கு வந்துரும், வீட்டுல அதை ஹெர்னியான்னு நினைச்சுட்டாங்க. இப்ப டாக்டருக்கு முன்னாடி மூணு கேள்வி. மருந்து வேலை செஞ்சு கிருமி சாகும்போதே உடம்போட எதிர்ப்பு சக்தி கிளம்பி கட்டி பெருசாகற பாரடாக்சிகல் ரியாக்‌ஷனா? மருந்துக்கு அடங்காத டிபியா? இல்ல டிபியே இல்லையா? மூணுக்கும் வைத்தியம் வேற வேற. முதல்லயே சதை எடுத்திருந்தா ரெண்டு கேள்விக்கு பதில் ஃபைல்லயே இருந்திருக்கும். அப்புறம் சீழை எடுத்து டெஸ்ட் பண்ணினப்ப ரிஃபாம்பிசினுக்கு அடங்காத வகைன்னு தெரிஞ்சுது. அத்தனை மாசம் அவங்க முழுங்கின மாத்திரை அவங்க ஈரலைத் தான் தொந்தரவு பண்ணுச்சு. மருந்தை மாத்தினாங்க, இன்னும் நீளமான கோர்ஸ். இப்ப வாக்கர் பிடிச்சு நடக்குறாங்க. அந்த வீட்டுல யாரையும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, பயம் தான் காரணம், பயத்தை உக்காந்து போக்க யாரும் இல்ல.

அபூர்வமான சிக்கல்களையும் சொல்லணும், பயமுறுத்த இல்ல, அறிகுறியை விட்டுறக் கூடாதுன்னு தான். முதுகெலும்போட கழுத்துப் பகுதில வந்தா சீழ் தொண்டைக்குப் பின்னாடி சேர்ந்து முழுங்கறதும் மூச்சும் கஷ்டமாகும், குழந்தைங்களுக்கு இது அவசரம். தலையும் கழுத்தும் சேர்ற இடத்துல மேல் ரெண்டு எலும்பு விலகினா கைகால் நாலும் போகலாம். இடுப்புச் சீழ் சிறுநீர்க் குழாயை அமுக்கி கிட்னி வீங்கலாம், ரத்தக்குழாயை அமுக்கி ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கலாம், அது ரத்தக்கட்டா இருக்கலாம். ரொம்ப ரொம்ப அபூர்வமா, பக்கத்துலயே ஓடற பெருந்தமனியோட சுவரை நோய் அரிச்சு அதுல ரத்தம் புடைச்சுக்கும், வெடிச்சா உயிருக்கே ஆபத்து. வைத்தியத்துல இருக்கும்போதே புதுசா கடுமையான முதுகு வலியோ வயித்து வலியோ, இருமல்ல ரத்தமோ வந்தா "மாத்திரை சாப்பிடறேன்ல, சரியாகிரும்"னு இருக்காதீங்க. கால் பலம் குறையறது, மூத்திரம் போக முடியாம நிக்கறது ரெண்டும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய விஷயம்.

மருந்தைப் பத்தி சுருக்கமா: சாதா வகைக்கு முதல் 2 மாசம் நாலு மருந்து, அப்புறம் 10 மாசம் மூணு மருந்து, மொத்தம் 12 மாசம், தேவைப்பட்டா 18 வரைக்கும் நீட்டுவாங்க. யூரின் ஆரஞ்சு கலர்ல போறது ரிஃபாம்பிசினால, பயப்பட வேணாம். கண்ணு மஞ்சளாறது, வாந்தி, கலர் பாக்கறதுல மாற்றம் வந்தா உடனே டாக்டர்கிட்ட போகணும். வலி பெரும்பாலும் சில மாசத்துலயே போயிரும், அங்க தான் நிறைய பேர் நிறுத்திடறாங்க, நிறுத்தவே கூடாது. அரசோட டிபி பதிவுத் தளமான நிக்ஷய்ல பதிவு பண்ணிட்டா சாப்பாட்டுக்கு மாசம் 500 ரூபா வந்துட்டு இருந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து 1000. நுரையீரல்ல நோய் இல்லாம முதுகெலும்புல மட்டும்னா அது காத்துல அடுத்தவங்களுக்கு ஒட்டாது, தட்டு டம்ளரைத் தனியா வச்சு அந்த மனுஷங்களை நோகடிக்காதீங்க.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்ல. 1970கள்ல நம்ம மெட்ராஸ்லயே இதை ஒழுங்கா சோதிச்சுப் பாத்தாங்க, பெரிய ஆபரேஷன் செஞ்சவங்களையும் வெறும் மாத்திரையோட நடமாடிட்டு இருந்தவங்களையும் வருஷக்கணக்கா ஒப்பிட்டாங்க, பெரும்பாலானவங்களுக்கு மாத்திரையே போதுமா இருந்துச்சு. பலம் குறைஞ்சுட்டே போறது, எலும்பு நிலையில்லாம இருக்கறது, கூன் விழறது, மருந்துக்கு அடங்காத சீழ் இதுக்குத்தான் கத்தி.

குழந்தைங்க விஷயம் மட்டும் தனி. நோய் ஆறினப்புறமும் வளர்ற வயசுல கூன் கூடலாம். கோயம்புத்தூர் டாக்டர் ராஜசேகரன் 15 வருஷம் தொடர்ந்து குழந்தைகளைப் பாத்து, கிட்டத்தட்ட பத்துல நாலு பேருக்கு கூன் அதிகமானதையும் எக்ஸ்ரேல அதை முன்கூட்டியே காட்டற நாலு அடையாளங்களையும் எழுதியிருக்காரு. அதுல ரெண்டு இருந்தாலே உஷாராகணும். பெரிய கூனோட விட்டுட்டா பல வருஷம் கழிச்சு, நோய் எப்பவோ போனப்புறம், கால் விழலாம். அதனால சின்ன வயசுல முதுகெலும்பு டிபி வந்து சரியான பிள்ளை உங்க வீட்டுல இருந்தா வளர்ச்சி நிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து ஸ்பைன் டாக்டர்கிட்ட காட்டுங்க, பழைய படத்தையும் கூடவே எடுத்துட்டுப் போங்க.