அறை பிடிக்கவில்லை என்றால் அறையைப் பற்றிப் பேசுங்கள்

வடசென்னையில் மண்ணடிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியவர் அதைக் குறை சொல்லிப் போட்ட வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முழுசாகப் பார்த்துவிட்டேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம்.

மெத்தை மெலிசு, குழாய் ஒழுகுகிறது, லிஃப்ட் கிடையாது. சரி. காசு கொடுத்துத் தங்கியவர் சொல்லட்டும். ஆனால் பாதி வீடியோவுக்கு மேல் அறையையே காணோம். ஜன்னலைத் திறந்து கேமராவைத் தெருப் பக்கம் திருப்பி, மூட்டை தூக்குகிறவர்களைக் காட்டி, "இந்த ஏரியாவுல நைட்டு வெளியே போகவே பயமா இருக்கு" என்கிறார். அங்கேதான் வலித்தது. அறை பிடிக்கவில்லை என்றால் அறையைப் பற்றிப் பேசுங்கள். ஊரை ஏன் இழுக்கிறீர்கள்?

அவர் பயந்துபோய்க் காட்டியவர்கள் லோடுமேன்கள். பகலில் அந்தத் தெருக்களில் மீன்பாடி வண்டி திரும்பவே இடம் இருக்காது, சரக்கு ராத்திரியில்தான் இறங்கும். கொத்தவால் சாவடி காய்கறி வியாபாரம் 1996ல் கோயம்பேடு போய்விட்டது. ஆண்டர்சன் தெருப் பேப்பரும் கோடவுன் தெருத் துணியும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. அந்தச் சரக்கைத் தோளில் ஏற்றி இறக்குகிற மனுஷனை, அவருக்கே தெரியாமல் மேலேயிருந்து படம் பிடித்து ரவுடி என்று காட்டுவது என்ன நியாயம்?

இந்த லாட்ஜ்கள் யாருக்காக இருக்கின்றன என்று அவர் ஒருவரிடமாவது கேட்டாரா? கொள்முதலுக்கு வருகிற வெளியூர்க் கடைக்காரர்கள், ஹைகோர்ட்டில் வாய்தாவுக்கு வருகிறவர்கள், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுத் தலைசாய்க்க இடம் தேடுகிறவர்கள். பெரியப்பாவை ஸ்டான்லியில் சேர்த்தபோது பெரியம்மாவையும் அண்ணியையும் இப்படி ஒரு லாட்ஜில்தான் தங்க வைத்தோம். ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை. மேனேஜர் பாய் ஆதார் ஜெராக்ஸை வாங்கி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார். அட்வான்ஸ் நீட்டினேன். "முதல்ல ஆஸ்பத்திரியப் பாருங்க தம்பி, கணக்கு அப்புறம்" என்றார். தினமும் விடிவதற்குள் ரூம் பாய் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீரும் தூக்குவாளியில் கஞ்சியும் கொண்டுவந்து வைப்பான். பெரியப்பா தவறிய ராத்திரி வராந்தாவில் பெரியம்மா சரிந்து விழுந்தபோது, ஓடிவந்து மடியில் தாங்கியது எதிர் அறையில் இருந்த கீழக்கரை அம்மா. பெயர்கூடத் தெரியாது. அதே மாதிரி ஒரு வராந்தாவைத்தான் அவர் பேய் வீடு என்கிறார்.

ஸ்டான்லியைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 வாக்கில், பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. வந்தவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்த ஊரைப் பார்த்துப் பயமாக இருக்கிறதாம்.

"சுத்தம் கேட்டால் தப்பா?" என்று கமெண்டில் வருவீர்கள். தப்பே இல்லை. குப்பை அள்ளவில்லை என்று உங்களைவிட அதிகமாகப் புலம்புகிறவர்கள் நாங்கள். "பெண்கள் தனியாகத் தங்கலாமா?" நியாயமான கேள்வி. எல்லா லாட்ஜும் ஒன்றில்லை, விசாரித்துவிட்டுப் போடுங்கள். "வடசென்னைக்காரன், அதனால் உனக்குக் கோபம்." ஆமாம், அதனால்தான் கோபம். யாருக்கு வர வேண்டும்? சினிமாவில் அரிவாள் என்றால் எங்கள் தெரு, செய்தியில் கஞ்சா என்றால் எங்கள் தெரு. இப்போது ஒழுகுகிற குழாய்க்கும் எங்கள் தெருவா?

பாரம்பரியத்தைப் பார்க்க வந்தேன் என்று தொடக்கத்தில் சொல்கிறார். அந்த லாட்ஜிலிருந்து நடந்தே போகலாம், 1772ல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயத்துக்கு. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் இருக்கிறாள். ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. 2019லிருந்து மண்ணடிக்கு மெட்ரோவும் ஓடுகிறது. எதையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஒரு லாட்ஜைச் சொன்னதற்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். எங்களுக்கு இது லாட்ஜோடு முடிவதில்லை. இன்டர்வியூவில் முகவரியைப் பார்த்ததும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், "கல்யாணத்தை மட்டும் அந்தப் பக்கம் வைக்க வேண்டாம், எங்க சொந்தக்காரங்க வரவே பயப்படுவாங்க" என்றார்கள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணம் கோடம்பாக்கத்தில் நடந்தது. எங்கள் தெருவே வேன் பிடித்து வந்து பந்தியில் நின்று பரிமாறியது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேர்த்து. வரப் பயப்படுவார்கள் என்று சொன்னார்களே, அந்தப் பயத்தைத்தான் இந்த வீடியோ இன்னும் எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.