ராஜா முகத்தில் எழுதிய காசு

சின்னப் பிள்ளைகளுக்குப் பெண்களின் வரலாற்றைச் சொல்லித்தருகிறோம் என்று நாம் பெரும்பாலும் செய்வது, சுவரில் ஒரு படத்தாளை ஒட்டுவதுதான். வரிசையாக முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே 'முதல் பெண்' என்று ஒரு பட்டம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவருக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கதவைச் சாத்தினார்கள் என்று தெரியாமல் 'முதல்' என்ற சொல்லுக்கு என்ன கனம்? அதைக் காட்ட ஒரு பழைய வெண்கலக் காசு போதும் என்பது என் கட்சி.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1903ஆம் ஆண்டின் பென்னி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அன்றைய பிரிட்டிஷ் ராஜா ஏழாம் எட்வர்டின் தலை. அந்தத் தலைமேல், ஓட்டுரிமைக்குப் போராடியவர்கள் 'பெண்களுக்கு ஓட்டு' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தாக அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டியதால் எழுத்துகள் கோணல்மாணலாக நிற்கும். என் அக்கா மகளுக்கு இந்தப் படத்தைக் காட்டியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சித்தி, ராஜா திட்டலையா?" காசைச் சிதைப்பது அன்று குற்றம்தான். அப்படியும் செய்தார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கும்! ஓட்டு என்றால் என்ன என்று விளக்கத்தான் கொஞ்சம் திணறினேன். அப்புறம், "இன்று விளையாட என்ன எடுக்கலாம், பையன்கள் மட்டும் கை தூக்குங்கள்" என்றேன். அவள் கத்திய கத்தலில் பாடம் முடிந்துவிட்டது. பிரிட்டனில் 1918இல் முப்பது வயதைத் தாண்டிய பெண்களில் ஒரு பகுதியினருக்கும், ஆண்களுக்குச் சமமாக 1928இலும் ஓட்டு கிடைத்தது என்பதெல்லாம் அவள் பெரியவளான பிறகு படித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, யூடித் லேய்ஸ்டர். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர். குடும்பப் பெயருக்கு வழிகாட்டும் விண்மீன் என்று பொருள், அதனால் தன் பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர் இறந்த பிறகு அவர் ஓவியங்கள் பிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஆண் ஓவியரின் பெயரில் கைமாறின. 1893இல், ஹால்ஸ் வரைந்தது என்று நம்பிய ஓர் ஓவியத்தில் அந்த நட்சத்திர முத்திரையைக் கண்டுபிடித்தார்கள். "நட்சத்திரம் எங்கே, தேடு" என்று சொல்லிப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும், பிள்ளை திரைக்குள்ளேயே போய்விடும். தான் வரைந்த படத்தில் வேறு யாரோ பெயர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதை நாம் விளக்கவே வேண்டாம். வகுப்பில் அது தினமும் நடக்கிற சண்டை.

எனக்கு மிகவும் பிடித்தது ஹாரியட் பவர்ஸின் போர்வை. 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். துணித்துண்டுகளை மனிதர்களாகவும் விலங்குகளாகவும் வெட்டித் தைத்து பைபிள் கதைகளைச் சொன்னார். கைமுடை வந்தபோது பத்து டாலர் கேட்ட போர்வையை ஐந்து டாலருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று வாங்கியவரிடம் சொல்லிவிட்டுப் போனார், அவரும் அதை எழுதி வைத்துக்கொண்டார். அதன் பிறகும் பவர்ஸ் அந்தப் போர்வையைப் பார்க்கப் பலமுறை வந்தாராம். இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் திரும்பத் திரும்ப வந்து பார்த்ததைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். குழந்தை, "கட்டிப்பிடிக்க விட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடிமைத்தனத்தை இந்த வயதில் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. "சில மனிதர்களை வேறு மனிதர்கள் விலைக்கு வாங்கினார்கள், அது பெரிய அநியாயம்" என்று ஒரு வரியில் சொல்லலாம், சொல்ல வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் இப்போதே கொட்டிவிடவும் கூடாது. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்டமிசியா ஜென்டிலெஸ்கி தன்னையே ஓவியக்கலையின் உருவமாக வரைந்த படத்தைக் காட்டுவேன். சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு வேலையில் மூழ்கியிருக்கும் பெண், அது போதும். அவர் வாழ்வில் நடந்த கொடுமையும் வழக்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருக்கட்டும்.

நேரில் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரே ஒரு பொருள், பத்து நிமிடம், அவ்வளவுதான். கையில் வினாத்தாளைத் திணிக்காதீர்கள். தொல்பொருள் கூடங்களில் பானை ஓடுகளுக்குப் பக்கத்தில் நடுவில் துளையிட்ட சின்ன வட்டுகள் கிடக்கும், தக்களியில் கோத்து நூல் நூற்றவை. யாரும் நின்று பார்ப்பதில்லை. பல நாடுகளில் பெண்களின் பொழுதில் பெரும்பங்கைத் தின்ற வேலை அது. போரில் வென்றவன் பெயர் பக்கத்து அறையில் இருக்கும், அவன் சட்டைக்கு நூல் நூற்றவள் பெயர் எங்கும் இருக்காது. "பேர் எழுத மறந்துட்டாங்களா?" என்று குழந்தை கேட்டால் அவசரப்பட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் பெண் குழந்தைகளுக்குத்தானே என்று ஒரு தோழி கேட்டாள். பிறகு அவள் மகனுக்கும் அந்தக் காசைக் காட்டினோம். ராஜாவை விட்டுவிட்டு, "இதைக் கொடுத்தா மிட்டாய் தருவாங்களா?" என்றான். தந்திருப்பார்கள் என்றேன். கடைக்காரர் வாங்கிப் பெட்டியில் போட்டு, மீதிச் சில்லறையாக இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும் என்றுதானே அதில் எழுதினார்கள்.