காசிமேட்டு ஃபைபர் படகுக்கு லேசர் வேண்டாம்

காசிமேட்டுப் பக்கம் ஓட்டை விழுந்து கிடக்கிற ஃபைபர் படகுகளை (கண்ணாடி இழையைப் பாலியஸ்டர் ரெசின் என்கிற பிசினில் இறுக்கிச் செய்தவை) லேசரில் வெட்டி மறுசுழற்சிக்கு அனுப்பலாமே என்று யாராவது கிளம்பினால் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். லேசர் நல்ல கருவி. அந்தப் படகுக்கு அது தோதுப்படாது, அவ்வளவுதான்.

முதலில் எந்த லேசர்? திருவொற்றியூர், மாதவரம் பட்டறைகளில் இரும்புத் தகடு வெட்டுகிற ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான். கண்ணாடி இழை அந்த ஒளியை விழுங்காது, பாலியஸ்டர் ரெசினும் பெரிதாக விழுங்காது. நிறம் கலந்த ஜெல்கோட், அதாவது படகின் மேற்பூச்சு, கருகும், வெட்டு இறங்காது. போர்டு கடைகளில் அக்ரிலிக் வெட்டுகிற கார்பன் டை ஆக்சைடு லேசர் 10.6 மைக்ரான்; இதைக் கண்ணாடியும் ரெசினும் நன்றாக உறிஞ்சும். கண்ணாடி இழைத் தகடு 1 மி.மீ. என்றால் பலமுறை ஓட்டி வெட்டிவிடலாம், விளிம்பு கருகினாலும்.

படகின் அடிப்பாகம் பெரும்பாலும் 6 மி.மீ.க்குக் குறையாது. ரெசின் 300, 400 டிகிரியிலேயே சிதைந்து புகையாகிவிடும். கண்ணாடி இளகவே 800க்கு மேல் வேண்டும். ஆக ரெசின் முன்னே ஓடிப்போகும், இழை பின்தங்கி உருகி விளிம்பில் மணி மணியாக ஒட்டும். பள்ளத்தில் சேர்கிற கரி, சூட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். வேகத்தைக் குறைத்தால் தீப்பிடிக்கும், கூட்டினால் அடிவரை இறங்காது. போதாததற்குப் படகு வளைவானது. ஃபோகஸ் சில மில்லிமீட்டர் தள்ளினாலே வெட்டு அகலமாகிவிடும். புகையில் ஸ்டைரீன், பென்சீன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் இருக்கும். எங்காவது பிவிசி ஃபோம் ஒளிந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் கிளம்பும், மெஷினின் ரெயிலும் லென்ஸும் காலி. சுவரில் மாட்டின எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பி இதில் இறங்குவது முட்டாள்தனம்.

படகுக்கு வைர முனை பிளேடு போதும். சாதாரண கட்டிங் வீலில் ரெசின் அப்பிக்கொள்ளும். முதலில் எஞ்சின் கட்டை, போல்ட், மரம், மிதவைக்கு அடைத்த தெர்மாகோல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மணலையும் உப்பையும் கழுவிவிட்டு, வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டு அறுங்கள். கண்ணாடித் தூசு அப்போதுதான் பறக்காது. தண்ணீரும் கரண்டும் சேர்வதால் லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். 6 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் சுமார் 9 கிலோ வரும், ஒரே ஆள் தூக்கலாம். தட்டையான பாகங்களைத் துண்டாக்காமல் பலகையாகவே விற்றுவிடுங்கள். சிறிதாக்க ஆக்க விலை போகாது.

மிச்சம் சிமெண்ட் சூளைக்கு. அரியலூர்ப் பக்கம் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. ரெசின் எரிபொருளாகும், கண்ணாடியிலுள்ள சிலிக்கா, சுண்ணாம்பு, அலுமினா கிளிங்கரில் (அரைத்தால் சிமெண்ட் ஆகிற சூளைக் கட்டியில்) சேர்ந்துவிடும். கண்ணாடி இழையில் போரான் இருந்தால் சிமெண்ட் இறுகுவது தாமதமாகும், அதனால் கொஞ்சமாகத்தான் போட முடியும். குளோரின் உள்ள பிவிசியை ஆலைக்காரர்கள் விரும்ப மாட்டார்கள், அதையும் முன்பே பிரித்துவிட வேண்டும். கண்ணாடி இழையைச் சுட்டு மீட்கலாமே என்றால், 450 டிகிரி தாண்டியதும் அதன் வலிமையில் பாதியளவு போய்விடும். புது இழையே மலிவாகக் கிடைக்கும்போது அது யாருக்கு வேண்டும்?

லேசருக்கு உண்மையான வேலை கார்பன் இழையில்தான். ட்ரோன் பாகம் செய்கிற இடங்களில் மிஞ்சும் ப்ரீப்ரெக் துண்டு (இன்னும் இறுகாத எபாக்ஸி ரெசினில் ஊறிய கார்பன் இழை) ஒரு அடுக்கு 0.125 முதல் 0.25 மி.மீ. தான். இழை ஓடும் திசையில் 25 முதல் 50 மி.மீ. நீளச் சில்லுகளாக வெட்டி, அச்சில் பரப்பி, சூட்டில் அழுத்தினால் நல்ல தகடு வரும். வெட்டுமுன் பாலித்தீன் உறையை உரித்துவிடுங்கள், இல்லையென்றால் உருகி ரெசினோடு கலந்துவிடும். கார்பன் ஆவியாக 3,000 டிகிரிக்கு மேல் வேண்டும், எபாக்ஸி 350 வாக்கிலேயே சிதையும். இழை வழியே சூடு வேகமாக ஓடுவதால் ஒரே இழுப்பில் மெதுவாக வெட்டினால் இருபுறமும் எபாக்ஸி எரிந்து இழை துருத்திக்கொண்டு நிற்கும். வேகமாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். நைட்ரஜன் ஊதினால் இன்னும் நல்லது. ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய துண்டு வெளியே நாள்கணக்கில் கிடந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் ரெசின் பாதி இறுகிவிட்டது, அச்சில் ஓடாது.

கார்பன் தூசு மின்சாரம் கடத்தும். கன்ட்ரோல் பெட்டியை இறுக மூடாவிட்டால் உள்ளே சர்க்யூட் போர்டு ஷார்ட் ஆகும். அதே காரணத்துக்காக, கார்பன் துண்டுகளைப் படகுத் துண்டுகளோடு ஒரே மூட்டையில் கட்டிச் சூளைக்கு அனுப்பாதீர்கள். முழுதாக எரியாத இழை, ஆலைப் புகையின் தூசை மின்புலத்தால் இழுத்துப் பிடிக்கிற மின்நிலைத் தூசு வடிகட்டியை முடக்கிவிடும்.