சதையைத் தின்னும் புதுக் கிருமியா?

"ஜப்பானில் சதையைத் தின்னும் புதுக் கிருமி, 48 மணி நேரத்தில் மரணம், மருந்தே கிடையாது" என்று 2024 முதல் சுற்றும் தகவலில், மிகக் கடுமையான தொற்று இரண்டே நாளில் உயிரைப் பறிக்கக்கூடும் என்பது உண்மைதான்.

ஆனால் கிருமி புதியதன்று. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ்தான். அது சதையைத் தின்பதுமில்லை. வெளியே சுரக்கும் நொதிகளும் நச்சுகளுமே திசுவை அழிக்கின்றன. ஹயலுரோனிடேஸ் என்னும் நொதி திசுக்களுக்கு இடையிலுள்ள பசையைக் கரைக்கிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் புரதம், கிருமியைச் சிறைப்படுத்தும் இரத்த உறைவைக் கரையச் செய்கிறது. இன்னொரு நொதியோ, கிருமியைப் பிடிக்க நம் வெள்ளணுக்கள் வீசும் டி.என்.ஏ. வலையையே அறுத்துவிடுகிறது!

மருந்து இல்லை என்பதுதான் ஆபத்தான பொய். பென்சிலின் இன்றும் இதைக் கொல்கிறது. கிளிண்டமைசின் என்னும் மருந்து நச்சு உற்பத்தியைத் தடுக்கிறது. அழுகிய திசுவை அறுவை சிகிச்சையில் உடனே அகற்ற வேண்டும். சிறு காயத்தில் தாங்கமுடியாத வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.