காப்பாற்றியவரின் வண்டி எண் எஃப்.ஐ.ஆரில் ஏறுவது எப்படி?

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தவரே, அவரை இடித்தவராக வழக்கில் எழுதப்படுவது நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் செய்திதான். ஆனால் அது எந்தப் படியில், யார் கையால், எதற்காக நடக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. என் மைத்துனர் மீது நடக்கும் வழக்கின் தாள்களைப் படித்த பிறகு, இதை வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அவர் குட்டியானை ஓட்டுபவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிய இரவில், பைக்கோடு சாலையோரம் விழுந்து கிடந்த ஒருவரைக் கண்டு, 108 வரும் வரை தாங்க மாட்டார் என்று பயந்து, பின்பக்கத்தில் சாக்குகளை விரித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காகப் பெயரும் வண்டி எண்ணும் கேட்டார்கள். மறைக்க எதுவும் இல்லாததால் இவரும் சொன்னார். பிறகு வந்து சேர்ந்த உறவினர்கள், வண்டியில் ரத்தத்தைப் பார்த்ததும் இதுதான் இடித்த வண்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரத்தம் இருந்தது சாக்குகளிலும் பின்பக்கத் தளத்திலும் மட்டுமே. முன் பம்பரில் படிந்திருந்த புழுதிகூடக் கலையவில்லை, முகப்பு விளக்கில் ஒரு கீறல் இல்லை. இருந்தும், ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதாக’ என்ற வழக்கமான வாசகத்தோடு எஃப்.ஐ.ஆரில் அவருடைய வண்டி எண் ஏறிவிட்டது. புகார் கொடுத்தவர் விபத்தை நேரில் பார்த்தவர் அல்லர்.

பதறிப்போய் நின்ற அந்தக் குடும்பத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளும் கணக்கு ஒன்று இருக்கிறது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். வண்டி எண் தெரிந்து அதற்கு இன்சூரன்ஸும் இருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வயது, வருமானம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டு அதைவிடப் பல மடங்கு பெற முடியும். ஆகவே ஏதாவது ஒரு வண்டி எண் தேவைப்படுகிறது. நின்று உதவியவரின் எண்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இதையே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் போலி இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும்படி 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

“இன்சூரன்ஸ் கம்பெனிதானே கொடுக்கப் போகிறது, உங்கள் கைக்காசா போகிறது? ஒத்துக்கொண்டு ஃபைனைக் கட்டிவிட்டுப் போங்கள்” என்று என் மைத்துனரிடம் நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் பலர். இது ஆபத்தான ஆலோசனை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலே தீர்ப்பாயத்தில் அவருக்கு எதிராக நிற்கும். ஓட்டிப் பிழைப்பவரின் லைசென்ஸுக்கும் சிக்கல் வரும். காயம்பட்டவர் இறந்துபோனால் நிலைமை இன்னும் மோசம்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டு ஆண்டுகள் வரை இருந்த சிறைத்தண்டனை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை உயர்ந்திருக்கிறது.

உதவுவோரைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-இல் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020-இல் வந்த விதிகள், உதவியவரைப் பெயரோ முகவரியோ கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்கின்றன. ஆனால் இவை எல்லாம் ‘இவர் உதவியவர்’ என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு கிடைக்கும் பாதுகாப்பு. இடித்ததே இவர்தான் என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பிரிவின் வாசலிலேயே அவர் தடுத்து நிறுத்தப்படுகிறார். என் மைத்துனருக்கு நடந்தது அதுதான்.

எஃப்.ஐ.ஆரை உடனே பதிவு செய்யட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. பார்த்த சாட்சி இல்லாதபோது ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எழுதிவிட்டு, அன்றைக்கே பிரேக் இன்ஸ்பெக்டரை வரவழைத்து வண்டியைப் பார்த்து, பைக்கில் ஒட்டியிருக்கும் பெயின்ட்டை ஒப்பிட்டு, வழியிலுள்ள பெட்ரோல் பங்க் கேமராப் பதிவுகள் அழிவதற்குள் எடுத்து, அதன் பிறகு ஓட்டுநர் பெயரைச் சேர்ப்பதில் என்ன தடை? எங்கள் வழக்கில் புதிய சேதம் எதுவும் இல்லை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை கொடுத்துவிட்டார். நினைவு திரும்பிய பிறகு அந்த மனிதரும், தன்னைத் தட்டிவிட்டுப் போனது ஒரு கார் என்று சொல்கிறார். இந்த இரண்டையும் வைத்து என் மைத்துனரின் பெயரை நீக்கவும், இத்தனை நாளும் ஒருவரும் தேடாத அந்தக் காரைத் தேடவும் கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.