இன்னும் ஒரு வாரம்தான் கேட்டேன்

வியாழக்கிழமை நடந்ததைப் படத்தோடு போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். எங்கள் வாசல் செடிச்சட்டியில் குஞ்சோடு தொங்கிய தேன்சிட்டுக் கூட்டை, யாரோ புகார் கொடுத்து வெட்டி எடுக்க வைத்தார்கள். அந்தக் கதையை மறுபடி முழுக்கச் சொல்லப்போவதில்லை. ஆனால் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளையும், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று இரவு பதினொரு மணிவரை ஓடியதையும் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. “ஒரு குருவிக் கூடு, அதுக்கு இவ்வளவா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். அதில் நாலு பேர் போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து முறுக்குச் சாப்பிட்டவர்கள்.

சரி, பேசுவோம்.

முதலில் ஒன்று. கூட்டை வெட்டி எடுத்த துப்புரவுத் தம்பியைத் திட்டி எழுதிய மூன்று கருத்துகளை நீக்கிவிட்டேன். இனியும் யாராவது எழுதினால் நீக்குவேன். புகார் போனது, எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். கம்பியை வெட்டிய பிறகுதான் உள்ளே சத்தம் கேட்டிருக்கிறது. குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு அவர் அடுத்த மாடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டு மணியை அடித்திருக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி. நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக்கு வர நேரமாகும். அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். “அம்மா, உள்ள குஞ்சு கத்துதும்மா, என்ன செய்யட்டும்?” என்று கேட்டாராம். அன்றைக்கு அந்த மாடியில் கேட்கத் தோன்றிய ஒரே ஆள் அவர்தான்.

நான் கேட்டது ஒரே ஒரு வாரம். திங்கட்கிழமை குழுவில் எச்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதே எழுதினேன்: “குஞ்சு பொரித்து எட்டு நாள் ஆகிறது. இன்னும் ஒரு வாரத்தில் பறந்துவிடும். அதன்பிறகு கூட்டை நானே எடுத்துவிடுகிறேன், அதுவரை தினமும் கூட்டிப் பெருக்குகிறேன்.” எல்லாரும் படித்ததற்கு நீலக்குறி விழுந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துக் கத்தரி வந்தது.

தேன்சிட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்து கிராம்கூட இருக்காது. ஆணுக்குக் கழுத்தில் நீலக்கருப்பு மின்னும், பெண்ணுக்கு அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) தாழ்வாரங்களில் நாம் தொங்கவிடும் சட்டிகளும் துணி உலர்த்தும் கம்பிகளும் இதற்குப் பிடித்த இடம். எங்கள் வீட்டு மணி பிளான்ட் சட்டியின் கம்பியில் கட்டியது. பெண்பறவை மட்டும்தான் கட்டியது, ஆண் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. காய்ந்த புல், தேங்காய் நார், எங்கிருந்தோ கொண்டுவந்த பஞ்சு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது சிலந்தி வலை. அலகில் வலையைச் சுருட்டி வந்து, கூட்டைச் சுற்றிச் சுற்றித் தைத்தது. பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேல் மழைக்கு ஒரு சின்னத் தாழ்வாரம். வாசலுக்குக் கீழே சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது. அம்மாதான் கண்டுபிடித்தார், எங்கள் வாசல் தோரணத்திலிருந்து உருவியது.

இரண்டு முட்டை. அம்மா தினசரிக் காலண்டரில் பென்சிலால் குறித்துவைத்தார். குஞ்சு பொரித்த அன்று அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்த என்னைக் கூப்பிட்டு, “வாய் தெரியுதுடி, ரெண்டு வாய்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன்.

தாழ்வாரத்தில் செடி வைத்ததே தப்பு, தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்கிறார்கள். தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை 1.2 மீட்டர் வழி விடச் சொல்கிறது. டேப் வைத்து அளந்தேன், எங்கள் வாசலில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கிறது. கூடு தொங்கியது தலைக்கு மேலே. எந்தத் தீயணைப்பாளர் கூட்டில் தடுக்கி விழப்போகிறார்? அடுத்தது எச்சம். தினமும் காலையில் நான் துடைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

செடியாலும் கூட்டாலும் கொசு வரும், டெங்கி வரும் என்கிறார்கள். அந்த விஷயம் வேறு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2020இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. அதில் என் தம்பியும் ஒருவன். ரத்தத் தட்டணு இறங்கி மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தான், அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதனால்தான் எங்கள் சட்டிகள் எதற்கும் அடித்தட்டு கிடையாது. கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடும், காய்ந்த புல்லில் இடாது. புகை அடித்தால் அது கொசுவை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது, பட்டதையெல்லாம் கொல்லும். 2016 முதல் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களை விடுகிறார்களே, எதற்காக? ஆண் கொசு கடிக்காது, அதனோடு சேரும் ஏடிஸ் பெண்கொசு இடும் முட்டை பொரிக்காது. எதைக் குறைக்க வேண்டுமோ அதை மட்டும் குறைக்கும் வேலை. அரசாங்கமே கொசு விஷயத்தில் இவ்வளவு பார்த்துச் செய்கிறது. எங்கள் குழுவிலோ வாரம் ஒருமுறை “எல்லாத்துக்கும் சேர்த்து மருந்தடிக்கச் சொல்லுங்க” என்று யாராவது எழுதுகிறார்கள். தேன்சிட்டு குஞ்சுக்குத் தேனா ஊட்டுகிறது? பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியும் சின்னப் பூச்சியும். எல்லாவற்றுக்கும் மருந்தடித்தால் அது எதை ஊட்டும்?

“நீங்க மட்டும் கரப்பானை அடிக்கறதில்லையா?” என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அடிக்கிறேன் அண்ணே. அடுப்படிக்குள் வந்தால் அடிப்பேன். ஆனால் நான் யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

நானும் பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. எங்கள் கறிவேப்பிலைச் செடியில் வருஷா வருஷம் புழு வரும், இலையை மொட்டையடிக்கும். நான் பூச்சிமருந்து வாங்கி வந்து அடிப்பேன். எத்தனை வருஷம் அடித்தேன் என்று எண்ணிப் பார்க்கவே இப்போது கஷ்டமாக இருக்கிறது. 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது மருந்து தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகவும் மனமில்லை. அதனால் பார்த்தேன். வேறு காரணமே இல்லை, மருந்து இல்லாததால் பார்த்தேன். முதலில் பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக இருந்த புழு, தோலுரித்து ஒருநாள் பச்சையாகிவிட்டது. குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவையை நீட்டியது, மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாடை. பிறகு தண்டில் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டுநூல் போட்டுக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்கியது. ஒரு காலை காப்பியோடு போய் நின்றேன். வெறும் கூடு தொங்கியது, பக்கத்தில் ஈரம் காயாத கருப்பு இறக்கை, ஓரமாக வெள்ளைப் புள்ளி வரிசை. கறிவேப்பிலை அழகி என்று தமிழில் அழகான பேர் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதில் ஒரு வகைப் பெண் பூச்சி, காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி மாதிரியே வேஷம் போடும். காமன் ரோஸ் விஷச்செடியைத் தின்று வளர்வது, அதனால் பறவைகள் அதைத் தொடாது. இதற்கு விஷம் கிடையாது, சாயல் மட்டும். 2015இல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் தேசிய வண்ணத்துப்பூச்சியாக ஜெயித்தது அந்தக் காமன் ரோஸ்தான். அதன் சாயலில் ஒன்று என் வீட்டு ரசத்துக்கான இலையைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் நான் மருந்தடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே தெரியாமல் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். இவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என்னை ரொம்ப நாளாக அரிக்கிறது. அப்பா தவறியதிலிருந்து அம்மா அமாவாசைக்கு அமாவாசை காக்கைக்குச் சோறு வைப்பார். 2020 ஜூனில் வனவிலங்குச் சட்டம் வந்தது. காட்டுயிர்களுக்கு உணவு போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம், புறாவும் காக்கையும் அதில் சேர்த்தி. நான் படித்துக் காட்டினேன். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த அமாவாசைக்கு உருண்டையை அப்பா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். சட்டம் சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் அன்றாடம் பார்க்கும் வீட்டுக்காக்கை இந்த ஊர்ப் பறவையே இல்லை. 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டப் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான் இந்த வட்டாரத்தில் பரவியது. நம் ஆட்களைத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிவந்த அதே காலம். வேலைக்குக் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு அதிகமாகிவிட்டது என்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு என்னவோ போலிருக்கிறது, அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தச் சட்டத்தில் சோறு போடாதே என்பது மட்டும் இல்லை, அனுமதி வாங்காமல் காட்டுயிரைக் கொல்லாதே, பிடிக்காதே என்றும் இருக்கிறது. எழுபத்து மூன்று வயதில் அம்மா செத்துப்போன கணவருக்கு வைக்கும் சோற்றையே நிறுத்திக்கொண்டார். உங்களால் ஒரு வாரம் எச்சத்தைத் தாண்டி நடக்க முடியவில்லை.

போன வருஷம் எதிர் புளோக் மாடிச் சுவரில் இருவாச்சி ஜோடி வந்து உட்கார்ந்தபோது இதே குழுவில் எத்தனை படம், எத்தனை இதயம்! நானும் போட்டேன். சிங்கப்பூரில் நூறு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்து, 1994இல் உபின் தீவில் மறுபடி கண்ணில் பட்ட பறவை அது. மரப்பொந்து போதாமல் பெட்டிக்கூடு செய்து வைத்துப் பெருக வைத்தார்கள். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், சின்ன இடுக்கு வழியாக ஆண்பறவை வாரக்கணக்கில் ஊட்டும். அது பெரிய மூக்கோடு அழகாக வந்து உட்கார்ந்தால் இயற்கை. பெருவிரல் அளவு ஒன்று என் சட்டிக் கம்பியில் கட்டினால் குப்பை. இருவாச்சி சமயத்தில் சின்னப் பறவைகளின் குஞ்சுகளைத் தின்னும் என்பதும் எனக்குத் தெரியும், யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அது தன் குஞ்சுக்குக் கொண்டுபோகும். நீங்கள் யாருக்குக் கொண்டுபோனீர்கள்?

“எழுதி என்ன ஆகப்போகுது” என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டாள். 2001இல் உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தை மண்கொட்டி நிரப்ப இருந்தார்கள். சாதாரண ஆட்கள் சாரிசாரியாகப் போய்ப் பார்த்தார்கள், எழுதினார்கள், அந்த வருஷக் கடைசியில் திட்டத்தை ஒத்திவைத்தார்கள். இன்றைக்கும் நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே பலகைப்பாதையில் நடக்கலாம். எழுதினால் சில சமயம் ஆகும்.

“மனுஷனுக்கே ஆயிரம் பிரச்சினை” என்று எழுதியவருக்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா செம்பவாங் கடற்படைத் தளமான நேவல் பேஸ் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் செம்பவாங்கில் தூக்கணாங்குருவிக் கூடு வரிசையாகத் தொங்கும் என்று சொல்வார். முட்டி போனபிறகு புளோக்குக்குக் கீழே இறங்குவதே மாதத்துக்கு இரண்டு தடவை, அதுவும் மருத்துவருக்காக. அவருக்கு இந்த ஐந்து வாரம் ஜன்னலோரத்தில் ஒரு வேலை இருந்தது. மனுஷனுடைய பிரச்சினை இது இல்லையா? எங்கள் அம்மா மனுஷி இல்லையா?

கம்பியை வெட்டியபோது கூடு விழுந்ததில் ஒரு குஞ்சு இறந்துவிட்டது. கூடு அடியில் கிழிந்துபோனதால் அம்மாவும் அந்தத் துப்புரவுத் தம்பியுமாகச் சேர்ந்து, பிளந்தா மார்ஜரின் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மிச்சக் கூட்டை அதற்குள் வைத்து, பூக்கட்டும் நூலால் அதே இடத்தில் கட்டியிருக்கிறார்கள். மற்ற குஞ்சு அதற்குள் இருக்கிறது. முதல் மூன்று மணி நேரம் தாய் வரவில்லை. அம்மா மதியம் சாப்பிடவில்லை. நாலு மணிக்குப் பெண்பறவை வந்து டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. இன்று காலை ஏழேகாலுக்கு ஆண்பறவை ஒரு சிலந்தியோடு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

காலண்டர் கணக்குப்படி இன்னும் மூன்று நாள், அதிகம் போனால் நாலு. மாடியில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் படிக்கட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள், பிள்ளைகளை டப்பாவைத் தொட விடாதீர்கள். புகார் எழுதியவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். டப்பாவுக்குக் கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறேன். காலையும் மாலையும் மாற்றுகிறேன்.